ஆந்தையும் உப்புச் சேறும்: அந்தமான் பறவைப் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்: ஒக்ராபிராஜ்

விமானத்திலிருந்து தெரிந்த கடலின் நிறத்தை வர்ணிக்காத அந்தமான் கட்டுரை கிடையாது. எனக்கு நடு இருக்கை கிடைத்ததால் அந்தப் பொறுப்பிலிருந்து தப்பித்தேன். வெளியே வந்ததும் புழுக்கம் முகத்தில் அப்பியது. பிப்ரவரியில் இங்கே மழை குறைவு, பறவை பார்க்க இதுதான் நல்ல காலம் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்கள். மழை குறைவு, சரி. காற்றே இருக்காது என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஊரின் பெயர் போன செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியிருக்கிறது. புதுப் பலகைகளில் அந்தப் பெயர். பேச்சில் எல்லோருக்கும் இன்னும் போர்ட் பிளேர்தான். நானும் பேச்சு வழக்கையே எழுதுகிறேன்.

சாப்பாட்டுக்குப் போகிற வழியிலேயே வேன் நின்றுவிட்டது. தைப்பூசம். காவடிகள், பால்குடங்கள், நாதஸ்வரம், பின்னால் கடற்கரைச் சாலை முழுக்க மஞ்சள் புடவைகள். இந்த ஊரில் இத்தனை தமிழர்களா என்று எங்கள் குழுவில் இருந்த புனே டாக்டர் அம்மா இந்தியில் கேட்டார். கேள்வியை முடிப்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டது, கையில் நீர்மோர். "வெயிலுல உக்காந்திருக்கீங்களே, குடிங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். வேனில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் வந்தது. எந்த ஊர்க்காரர்கள், ஏன் வந்தீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை.

எங்கள் வழிகாட்டி இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். தாத்தா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவராம். பையனின் தமிழில் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை இந்தி எட்டிப் பார்க்கிறது. எனக்கு 'அக்கா', மற்றவர்களுக்கு 'சார்', 'மேடம்'. குழுவில் பணி ஓய்வு பெற்ற ஒரு வங்கி அதிகாரியும் அவர் மனைவியும், டாக்டர் அம்மா, அப்புறம் ஒருவர்: கையில் அச்சடித்த பறவைப் பட்டியல், அதில் பெட்டி பெட்டியாகக் கட்டங்கள், சட்டைப்பையில் இரண்டு பேனா. அவரைப் பட்டியல்காரர் என்றே குறிப்பிடுகிறேன். இந்த வாரம் அவரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கும்.

மதியச் சாப்பாடு மீன் குழம்போடு 220 ரூபாய். மீன் தாராளம், காய் ஒரு ஓரமாகக் கொஞ்சம். தக்காளி, வெங்காயமெல்லாம் கப்பலில் வர வேண்டும், மீன் மட்டும்தான் இங்கே சொந்தம் என்றார் பரிமாறியவர். ரசம் அசல் ரசம்.

மூன்றரை மணிக்கு ஒக்ராபிராஜ். காட்டுக்குள் நடக்கப் போகிறோம் என்று நினைத்துக் கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வேன் நின்றதோ தார்ச்சாலை ஓரத்தில். ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் உப்புத் தண்ணீர் தேங்கிய பரப்பு. அதன் நடுவே தலையில்லாமல் நிற்கும் தென்னை மரங்கள். 2004 டிசம்பர் 26 வரை இது நெல் வயலும் தோப்பும். அன்றைய பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. சுனாமி வந்து திரும்பிப் போன பிறகும் கடல் ஓதத்துக்கு ஓதம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. வடக்கே திக்லிபூர் பக்கம் இதற்கு நேர்மாறாகத் தரை மேலே எழும்பி, பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்து செத்திருக்கின்றன.

இறங்கிய வயலை மனிதர்கள் கைவிட்டார்கள், வாத்துகள் எடுத்துக்கொண்டன. அந்தமான் கிளுவை என்கிற சின்னப் பழுப்பு வாத்து. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், திடுக்கிட்ட முகம் போல இருக்கும். செத்த தென்னையின் மொட்டைத் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் விளிம்பில் ஒரு கூட்டம் உறங்கிக்கொண்டிருந்தது. உலகத்தில் இந்தத் தீவுக் கூட்டத்தையும், மியான்மருக்குச் சொந்தமான பக்கத்து கோகோ தீவுகளையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. அதற்குப் பின்னால் ஒரு பையன் சைக்கிளில் முட்டை கொண்டுபோனான். பறவையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்தரைக்கெல்லாம் சூரியன் காலி. கடிகாரம் இந்திய நேரம், வானம் பர்மா நேரம். இங்கே எல்லாம் முன்னாலேயே நடக்கிறது. நாளை காலை மூன்றே முக்காலுக்கு எழ வேண்டுமாம்.

பிப்ரவரி 12, புதன்: சிடியா டாப்பு

மூன்றே முக்காலுக்கு விடுதிப் பையன் கதவைத் தட்டி டீயோடு நின்றான். அவன் எத்தனை மணிக்கு எழுந்தானோ. போர்ட் பிளேரிலிருந்து தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் சாலை கடலில் முடிகிறது. அதுதான் சிடியா டாப்பு. வெளிச்சம் வருவதற்குள் அங்கே நிற்க வேண்டும்.

விடியலில் கிளிகள்தான் முதலில். நீளவால் கிளியும், மார்பு சிவந்த கிளியும் கத்திக்கொண்டே தலைக்கு மேலே போயின. கொஞ்ச நேரத்தில் சாலையோரப் புதரில் ஒரு பழுப்புச் செண்பகம் வந்து ஈரச் சிறகை உலர்த்தியது. நம்மூர்ச் செண்பகத்தின் கறுப்பைத் துடைத்துவிட்டால் இந்த நிறம் வரும். இதுவும் அந்தமானுக்கே உரியது. இவ்வளவு எளிதாகக் கிடைத்ததில் பட்டியல்காரருக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

ஏழு மணி வாக்கில் மரங்களுக்கு மேலே ஒரே சலசலப்பு. கலப்புக் கூட்டம் வந்துவிட்டது என்றான் வழிகாட்டி. முன்னால் அந்தமான் கரிச்சான்கள், பூச்சி கிளம்பினால் பிடிக்க, கூடவே அந்தமான் வால்காக்கைகள், சாம்பல் உடம்பும் மஞ்சள் கண்ணுமாக, நடுவில் மின்சிட்டுகள், கடைசியில் மெல்ல வந்து சேர்ந்தன வெள்ளைத்தலை மைனாக்கள். ஒன்று இலையைக் கலைக்க, அதில் கிளம்பும் பூச்சி இன்னொன்றுக்கு. பத்து நிமிடத்தில் எங்களைக் கடந்து போய்விட்டது மொத்த ஊர்வலமும். தொலைநோக்கியை எங்கே திருப்புவது என்று தெரியாமல் நான் பாதியைத் தவறவிட்டேன். டாக்டர் அம்மா தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டு வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் நிறையப் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது.

சாலை முனையில் ஒரு அம்மா பூரியும் உருளைக்கிழங்கும் போட்டுக்கொண்டிருந்தார், தட்டு 50 ரூபாய். கடையைச் சுற்றி நாட்டு மைனாக்களும் சிட்டுக்குருவிகளும். இவை இரண்டும் வெள்ளைக்காரர்கள் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டவை. புள்ளிமானும் அப்படியே. வேட்டையாடுவதற்காகக் கொண்டுவந்தார்கள். புலியோ சிறுத்தையோ இல்லாத தீவில் மான் பெருகாமல் என்ன செய்யும்? காட்டின் கீழ்ப்பகுதி பல இடங்களில் வழித்துவிட்டது போல இருக்கிறது. தரையோரத்தில் வாழும் பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் ஒளிய இடமில்லை. "பார்க்க அழகா இருக்குதுன்னு சொல்லாத டூரிஸ்டே கிடையாது அக்கா" என்றான் வழிகாட்டி. நானும் அப்போதுதான் அதைச் சொல்ல வாய் திறந்திருந்தேன்.

மத்தியானம் விடுதியில் தூக்கம். உடம்பு கடலில் மிதப்பது போல இருந்தது.

மாலை திரும்பவும் அதே இடம். சூரியன் மறைவதைப் பார்க்க வந்த கூட்டம் கடற்கரையில் நெருக்கியடித்தது. ஒலிபெருக்கியில் முதலை இருக்கிறது, தண்ணீரில் இறங்காதீர்கள் என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். அதற்கு முன்னால் நின்று முழங்கால் அளவுத் தண்ணீரில் படம் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு குடும்பம். சூரியன் போனதும் பத்தே நிமிடத்தில் கார்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. நாங்கள் மட்டும்.

முதலில் ஒரு சேற்றோடை ஓரம். அந்தமான் கானாங்கோழி இங்கேதான் வெளியே வரும். அசையாமல், பேசாமல் நிற்க வேண்டும் என்றான் வழிகாட்டி. கொசுக்களுக்கு அந்த விதி பொருந்தாது. கழுத்தில் ஊர்வதை அடிக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று இதற்குமுன் எனக்குத் தெரியாது. தாழையின் வேர்களுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது, தவளைக்கும் கோழிக்கும் இடைப்பட்ட குரல். "அதுதான்." மறுபடி வந்தது, இன்னும் பக்கத்தில். பிறகு அதுவும் நின்றது. பறவை வரவே இல்லை.

பட்டியல்காரர் கைபேசியை எடுத்து அதன் குரலை ஒலிக்கவிடச் சொன்னார். வழிகாட்டி ஒருமுறை விட்டான், மெதுவாக. பதில் இல்லை. இன்னொரு தடவை, சத்தமாக, என்றார் இவர். "வேண்டாம் சார். இடத்துக்குப் போட்டியா வேற ஒருத்தன் வந்துட்டான்னு நினைச்சு அது சாப்பாட்டை விட்டுட்டுத் தேடிட்டு இருக்கும். வாரத்துக்கு நாலு குழு இங்க வருது." குரலை உயர்த்தவில்லை. கைபேசியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டான். அவ்வளவு பணம் கட்டியிருக்கிறோமே என்று இவர் ஆரம்பித்தார். "பணம் எனக்குத்தான சார் குடுத்தீங்க" என்றான் பையன். வங்கி அதிகாரியின் மனைவி இருட்டில் சிரித்தது எனக்குக் கேட்டது.

இன்று பௌர்ணமி. கடலுக்கு மேலே நிலா வந்ததும் மரங்களுக்கெல்லாம் நிழல் விழுந்தது. டார்ச் தேவைப்படவில்லை. நிலா வெளிச்சத்தில் பக்கி என்கிற இரவுப் பறவைகளுக்குப் பூச்சி பிடிப்பது சுலபம், அதனால் சுறுசுறுப்பாக இருக்கும் என்று வழிகாட்டி சொன்னபடியே "டியக்… டியக்" என்று சலிக்காமல் ஒரு குரல் தொடங்கியது. அந்தமான் பக்கி. சாலைக்குக் குறுக்கே இருந்த காய்ந்த கிளையில் நீளவாக்கில் படுத்திருந்தது, பட்டையின் ஒரு புடைப்பு மாதிரி. அதைக் காட்டிய பிறகும் எனக்குத் தெரிய நேரமானது. கண் சிமிட்டியபோதுதான் பிடித்தேன்.

பிறகு ஆந்தைகள். ஹியூம் ஆந்தை மின்கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கிளையில் உட்கார்ந்து அடித்தொண்டையில் கூவியது, உடம்பெல்லாம் ஒரே கரும்பழுப்பு. காங்கிரஸைத் தொடங்கிய அதே ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான். 1873இல் ஒரு கப்பலில் இந்தத் தீவுகளைச் சுற்றி வந்து, பார்த்ததையெல்லாம் சுட்டுச் சேகரித்துக்கொண்டு போனவர். அந்தக் காலத்துப் பறவை பார்த்தல் அப்படி. சின்ன ஆந்தை ஒன்று மலைச்சரிவிலிருந்து மட்டும் குரல் கொடுத்தது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. யாரும் பார்க்கவில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் விடுதியில் ஆறிப்போன சப்பாத்தி. அமிர்தமாக இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்: மவுண்ட் ஹாரியட்

சாத்தம் துறையில் வண்டிகளின் வரிசை பெரிதாக இருந்தது. வேனைக் கரையில் விட்டுவிட்டு ஆட்களோடு ஆட்களாகப் பயணிகள் படகில் ஏறினோம். சில்லறைக் காசில் கால் மணி நேரக் கடல் பயணம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோழிக்கூடை, ஒரு குளிர்பதனப் பெட்டி, மூன்று மொழிகளில் சண்டை. ஒரு பெரியவர் என் தொலைநோக்கியைக் கேட்டு வாங்கித் தன் வீட்டைத் தேடினார். கண்டுபிடித்ததும் என்னிடம் கொடுத்து, "நீல ஓடு, நீல ஓடு" என்று என்னையும் பார்க்க வைத்தார். பார்த்தேன். நல்ல வீடு. மாடியில் துணி காய்ந்தது.

பாம்பூ பிளாட்டில் இறங்கி ஜீப். மலை ஏறும் வழியில் ஹோப் டவுன். 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு இந்த மலையிலிருந்து சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கி, படகில் ஏறப் போன இடத்தில் ஷேர் அலி அஃப்ரிடி என்ற கைதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அஃப்ரிடியை வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள். ஜீப் ஓட்டுநர் வங்காளி. அவர் இதை நேற்று பக்கத்துத் தெருவில் நடந்தது போலச் சொன்னார்: இருட்டிவிட்டது, தீவட்டி இரண்டுதான் இருந்தது, காவல்காரன் பின்தங்கிவிட்டான் என்று. ஹாரியட் என்பது 1860களில் இங்கே அதிகாரியாக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி பெயர். மலைக்கும் 2021இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். மணிப்பூர் மகாராஜா குலசந்திர சிங்கையும் மற்ற வீரர்களையும் 1891 போருக்குப் பிறகு இங்கே நாடு கடத்தி வைத்திருந்ததன் நினைவாக.

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கக் காட்சி இங்கிருந்து தெரிவதுதான்: தென்னை, கடல், கலங்கரை விளக்கம். நோட்டைக் கையில் பிடித்துப் படம் எடுப்பதற்காக ஒருவர் இருபது ரூபாய் நோட்டை வாடகைக்கு வைத்திருந்தார். வாடகை பத்து ரூபாய். இதற்கு மேல் அந்த வியாபாரத்தைப் பாராட்ட எனக்கு வார்த்தை இல்லை.

பறவை விஷயத்தில் இன்று சோம்பலான நாள். குர்ஜன் மரங்கள் நெட்டையாக, கிளைகள் எல்லாம் மேலேயே. கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். அந்தமான் சின்னான் ஒரு ஜோடி, நல்ல மஞ்சள். பழ மரத்தில் பச்சைப்புறாக்கள். இலைகளுக்குப் பின்னால் செம்பழுப்பாக நீண்ட வாலோடு ஒரு புறா அசைந்தது, குயில்புறா என்றான் வழிகாட்டி. நான் பார்த்தது வால் மட்டும். அந்தமான் காட்டுப்புறாவுக்காக ஒன்றரை மணி நேரம் ஒரு திருப்பத்தில் நின்றோம். ஒரு பெரிய நிழல் போனது. பட்டியல்காரர் கட்டத்தில் டிக் போட்டார். டாக்டர் அம்மா போடவில்லை. இதைப் பற்றி இருவரும் ஜீப்பில் பேசிக்கொள்ளாமல் வந்தார்கள்.

இரவுச் சாப்பாட்டில் நார்கொண்டம் இருவாச்சி பற்றிப் பேச்சு வந்தது. ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு எரிமலைத் தீவு, உலகத்தில் இருக்கும் அத்தனை நார்கொண்டம் இருவாச்சிகளும் அங்கேதான். 2012இல் அங்கே கடலோரக் காவல் படையின் ராடார் வைக்க வந்த திட்டத்தைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்ததற்குக் காரணமும் இந்தப் பறவைதான். போய்ப் பார்க்க எவ்வளவு செலவாகும் என்று பட்டியல்காரர் விசாரித்தார். இறங்க அனுமதி கிடைப்பது லேசில்லை சார் என்று பதில் வந்தது. அவர் அன்று மீனை மிச்சம் வைத்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி: காலாடாங்

பிப்ரவரியில் மழை குறைவு என்று சொன்னவர்களை இன்று காலை ஐந்தரை மணிக்கு ஒரு நெல் களத்துக் கூரையின் கீழே நின்றபடி நினைத்துக்கொண்டேன். தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. கேமராவைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வங்கி அதிகாரி கர்ப்பிணி போல நின்றார். அவர் மனைவி பிளாஸ்டிக் பையைத் தலையில் கட்டிக்கொண்டு பிஸ்கட் பிரித்தார்.

ஒரு மணி நேரம் பொழிந்துவிட்டு விட்டது. அதற்கு அப்புறம் நடந்ததுதான் இந்தப் பயணத்திலேயே நல்ல காலை. மழை விட்டதும் காடு மொத்தமும் வெளியே வந்து உலர்த்திக்கொண்டது. மின்கம்பத்தில் அந்தமான் பாம்புக் கழுகு, சிறகை அரைகுறையாக விரித்தபடி. நனைந்த மாங்குயில்கள். ஷாமா ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் பாடியது, வெகு நேரம் பாடியது. பிறகு, கதவைச் சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம்.

அந்தமான் மரங்கொத்தி காக்கை அளவு இருக்கிறது. மொத்தமும் கறுப்பு, தலையில் மட்டும் சிவப்புக் கொண்டை. சாலையிலிருந்து பத்தடியில் ஒரு பட்ட மரத்தில் ஆணும் பெண்ணும் வேலை செய்துகொண்டிருந்தன. விள்ளல் விள்ளலாகப் பட்டை கீழே விழுந்தது. ஆண் சற்று நிறுத்திச் சுற்றிலும் பார்க்கும், மறுபடி அடிக்கும். பின்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவை அசையவில்லை. நாற்பது நிமிடம் நின்றோம். பட்டியல்காரர் முதல் நிமிடத்திலேயே டிக் போட்டுவிட்டார், அடுத்த இடத்துக்குப் போகலாமா என்று கேட்கவும் செய்தார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவரும் மெல்ல வந்து மைல்கல்லில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், பெண்ணுக்கு நெற்றியில் சிவப்பு இல்லை, பார்த்தீர்களா என்று என்னிடம் கேட்டார். எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் பாதி இறங்கிவிட்டது.

இவ்வளவு அரிய பறவை இவ்வளவு சாதாரணமாக ரோட்டோரம் நிற்கிறதே என்று கேட்டேன். "இங்க அரிதில்லையே அக்கா. உலகத்துக்குத்தான் அரிது" என்றான் வழிகாட்டி. கீழே விழும் மரங்களையும் பட்டுப்போன மரங்களையும் விட்டுவைக்கிற வரைக்கும் இதற்குக் கவலை இல்லையாம். சாலையை அகலமாக்கும்போது முதலில் வெட்டுவது பட்ட மரத்தைத்தான், விழுந்துவிடும் என்று.

மழையில் ஒதுங்கிய களத்துக்குச் சொந்தக்காரர் வீட்டிலேயே மதியச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிகளுக்கு நிலம் கொடுத்து இங்கே குடியமர்த்தினார்கள். இவருடைய அப்பா அப்படி வந்தவர். கடுகு அரைத்த மீன், பூசணிப்பூ பஜ்ஜி, பருப்பு, கடைசியில் தக்காளிச் சட்னி இனிப்பாக. ஆளுக்கு 300 ரூபாய் என்று பேசியிருந்தது. சாப்பிட்ட அளவுக்கு அது நியாயமே இல்லை. வீட்டம்மா நின்றுகொண்டே பரிமாறினார். மீனை வேண்டாம் என்று கையை மூடினால் விரல் இடுக்கு வழியாக ஊற்றுகிறார். எங்கள் வீட்டுப் பெரியம்மாக்களிடம் தப்பித்த எனக்கு இங்கே தப்பிக்க முடியவில்லை.

அவரிடம் மரங்கொத்தியைப் பற்றிக் கேட்டோம். பாக்கு மரத்தில் ஓட்டை போடுகிறது, விரட்டினால் போகாது என்றார். ஆந்தை? கூரையில் கத்தினால் துடைப்பத்தைத் தலைகீழாக வைப்பாராம்.

பிப்ரவரி 15, சனி: ஊருக்குள்

பாராதாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகிறவர்களுக்காக விடியலுக்கு முன்பே தனி வண்டி தயாராக இருந்தது. நான் போகவில்லை. அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக் காட்டுக்குள் போகிறது. அதை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவு போட்டது. இன்றும் வண்டிகள் வரிசை கட்டிப் போகின்றன. படம் எடுக்காதே, நிறுத்தாதே என்று விதிகள் இருப்பது உண்மை. ஆனாலும் பாதி வண்டிகள் போவது குகைக்காக இல்லை, அந்த மக்களை வேடிக்கை பார்க்கத்தான் என்பது டூர் விற்பவர்கள் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வதிலேயே தெரிந்துவிடுகிறது. எனக்கு அது வேண்டாம்.

அதற்குப் பதிலாகக் கூகை. ஊருக்குள்ளேயே ஒரு பழைய கட்டடத்தின் உத்தரத்தில் ஜோடியாக இருந்தன. எந்தக் கட்டடம் என்று எழுத வேண்டாமென்று வழிகாட்டி கேட்டுக்கொண்டான். நம்மூர்க் கூகையைவிடச் சின்னது, நிறத்தில் செம்மண் கலந்தது. இதய வடிவ முகத்தைத் திருப்பி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விட்டது. இதன் அறிவியல் பெயரில் இருக்கும் ரோப்ஸ்டார்ஃப் இங்கே வேலை பார்த்த டேனிஷ்காரர், நிகோபார் மொழிக்கு அகராதி தொகுத்தவர். 1883இல் நிகோபாரின் கமோர்ட்டாவில் ஒரு சிப்பாய் அவரைச் சுட்டுக் கொன்றான்.

மாலையில் வாண்டூர் கடற்கரை. முதலை வராமல் கடலுக்குள் வலைவேலி கட்டியிருக்கிறார்கள், அதற்குள் குளிக்கலாம். நான் மணலில் உட்கார்ந்து செவ்விளநீர் குடித்தேன், 60 ரூபாய். கரையோரப் பாறையில் சாம்பல் நிறக் கொக்கு ஒன்று, வானத்தில் வெள்ளை வயிற்றுக் கடல் கழுகு. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இரவு எட்டு மணிக்குத்தான் மணல் ஈக்கள் கணக்கைத் தீர்க்கத் தொடங்கின. முழங்காலுக்குக் கீழே முழுவதும் தடிப்பு. கடிக்கும்போது தெரியவே தெரியாது. டாக்டர் அம்மா மாத்திரை கொடுத்துவிட்டு, மணலில் துணி விரிக்காமல் உட்காரக் கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்றார். அவருக்கும் அதே இடத்தில் அதே தடிப்பு.

பிப்ரவரி 16, ஞாயிறு: கிளம்புதல்

விமானம் தாமதம். விமான நிலையத்தில் மொத்தக் குழுவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கால் சொறிந்துகொண்டிருந்தபோது வழிகாட்டியிடமிருந்து வாட்ஸப்பில் இறுதிப் பட்டியல் வந்தது. உடனே தகராறு. கானாங்கோழி பட்டியலில் இருந்தது, பக்கத்தில் 'குரல் மட்டும்' என்று குறிப்பு. குரலை எண்ணிக்கையில் சேர்க்கலாமா? பட்டியல்காரர் கூடாது என்றார். அப்படியானால் மலைச்சரிவில் கத்திய சின்ன ஆந்தை? அதுவும் போகும். ஷாமா? வங்கி அதிகாரியின் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. அதன் பாட்டைத்தான் அவர் கைபேசியில் பதிவு செய்து மகளுக்கு அனுப்பியிருந்தார்.

அப்புறம் இன்னொரு சிக்கல். அந்தமானுக்கே உரிய பறவைகள் எத்தனை என்பதே எந்தப் பட்டியலை வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. கிளுவையும் கூகையும் முன்பு வேறு இனங்களின் உட்பிரிவாக இருந்து, பிறகு தனி இனமாகப் பிரிக்கப்பட்டவை. ஒருவர் பிரித்ததை இன்னொருவர் பிரிப்பதில்லை. பட்டியல்காரர் கையில் ஒரு பட்டியல், வழிகாட்டி அனுப்பியது வேறு. இரண்டையும் அருகருகே வைத்து அவர் வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். காட்டுப்புறாவில் வந்து நின்றார்.

"அந்த நிழல்…" என்று டாக்டர் அம்மா பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாது. நான் சிறகை மட்டும்தான் பார்த்தேன்" என்றார் அவர்.

பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலே நின்றது. பிறகு டிக் குறியைச் சுற்றி ஒரு கேள்விக்குறி போட்டார். விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்குத் திரும்பவும் நடு இருக்கைதான்.